மூச்சை இழுத்துப் பிடிங்க

ஏழாவது சி.டி.க்குச் சீட்டு எழுதப் போனவர்
பேனாவை மூடிவிட்டு
வயசென்ன என்றார்.
முப்பத்தொன்று.
ஃபைலைக் கடைசியிலிருந்து புரட்டினார்.
ஆறு கறுப்புப் படங்கள்.
சேலத்தில் நாலு, கோயம்புத்தூரில் ரெண்டு.
எல்லாமே நடுராத்திரி வலியில் எடுத்தவை.
யாரும் எண்ணவில்லை.
நானும்தான்.

"இன்னும் நாப்பது வருஷம் இந்தக் குடலைப் பாத்துக்கிட்டே இருக்கணும், குழந்தைவேல்.
ஒவ்வொரு தடவையும் கதிரை உள்ளே அனுப்ப முடியாது."

ஏற்காடு பஸ் ஓட்டுகிறேன்.
கொண்டை ஊசி வளைவு இருபது.
எதில் வயிறு முறுக்கும் என்று
நம்பர் பலகைக்கு முன்பே எனக்குத் தெரியும்.
ஒன்பதில்.
"இன்ஜின் சூடு, அஞ்சு நிமிஷம்" என்பான்
கண்டக்டர் சாமுவேல்.
தண்ணீர் பாட்டிலோடு உண்ணிச்செடிப் புதருக்குள்
டிரைவர் ஏன் போகிறான் என்று
ஜன்னலோரம் இருப்பவர்களுக்கா தெரியாது?

டாக்டர் தாளில் குடலை வரைந்தார்.
என் ரோட்டை வரைந்த மாதிரியே இருந்தது.
சிறுகுடல் முடிகிற கடைசி வளைவில்
ஒரு வட்டம் போட்டார். அங்கேதான் புண்.

சி.டி. என்றால் அஞ்சு நிமிஷம். காப்பீட்டு அட்டை போதும்.
எம்.ஆர்.ஐ. என்றால் கதிர் இல்லை. முக்கால் மணி நேரம்.
ஒன்பதாயிரம் கையிலிருந்து.
கேமரா மாத்திரை வேண்டாம்,
குறுகின இடத்தில் மாட்டினால் கத்திதான் என்றார்.
மல்டி ஆக்ஸில் லாரி ஒன்று பதினாலாம் வளைவில் சிக்கி
ராத்திரி முழுக்க நின்றது ஞாபகம் வந்தது.

வழி தேர்ந்தெடுப்பது எனக்குப் புதுசா?
அடிவாரம் பக்கம் மண் சரிந்தால்
குப்பனூர் வழியாக இறங்குவோம்.
சுற்றுதான். டீசல் கூடத்தான்.

அஞ்சு ரோடு ஸ்கேன் சென்டரில் ஒரு ஃபாரம்.
உடம்பில் இரும்பு உண்டா?
லேத்தில் வேலை பார்த்ததுண்டா?
சூரமங்கலத்தில் ரெண்டு வருஷம், கண்ணில் பொறி பட்டிருக்கிறது
என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்.
அப்போ முதலில் கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே.
கதிர் வேண்டாம் என்று வந்தவனுக்கு!
எனக்கே சிரிப்பு வந்தது.

பிறகு இடுப்பைக் காட்டினாள் டெக்னீஷியன் பெண்.
வெள்ளி அரைஞாண். முடிச்சு இறுகிப் போயிருந்தது.
"கத்திரிக்கவா அண்ணா?"
நறுக்கென்று ஒரு சத்தம்.
கவரில் போட்டு என் பேரை எழுதினாள்.
பிறந்ததிலிருந்து அந்த இடம் வெறுமையாக இருந்ததே இல்லை.

ஒன்றரை லிட்டர் தித்திப்புத் தண்ணீர்,
கொஞ்சம் கொஞ்சமாக.
எதிரே கழிவறைத் தாழ்ப்பாள்.
டி.வி.யில் என்ன ஓடியது என்று கேட்காதீர்கள்.
நான் பார்த்தது அந்தத் தாழ்ப்பாளைத்தான்.

குப்புறப் படுக்க வைத்தார்கள்.
லேத் பட்டறையே தலைக்குள் ஓடியது.
அதற்கு நடுவே ஒரு பெண் குரல்:
மூச்சை இழுத்துப் பிடிங்க.
அட,
ஒன்பதாம் வளைவில் நான் செய்வதும் இதைத்தானே.

குடல் அசையாமலிருக்க ஊசி போட்டிருந்தார்கள்.
நாலு வருஷத்தில் முதல் தடவையாக
உள்ளே எதுவும் ஓடவில்லை,
எதுவும் இழுக்கவில்லை,
நான் எங்கேயும் ஓட வேண்டியதில்லை.
விடலாம் என்றது குரல்.
விட மனசில்லை.

சுவர் ஆறு மில்லிமீட்டர் தடிப்பு,
மூன்றுக்குள் இருக்க வேண்டியது.
மருந்தை மாற்றினார்கள்.

இனி மூணு மாசத்துக்கு ஒருமுறை
டாக்டர் நஸ்ரினின் சில்லென்ற ஜெல்.
அல்ட்ராசவுண்ட்தான். வாயு மறைத்தால் தெரியாது என்று
முன்கூட்டியே சொல்லிவிட்டார்.
போன வாரம் திரையை என் பக்கம் திருப்பினார்.
சாம்பல் நிறத்தில் ஏதோ நெளிந்தது.
"அஞ்சுக்கு வந்திருக்கு."
என் குடலை நான் நேருக்கு நேர் பார்த்தேன்.
பாவமாக இருந்தது. திட்டித் தீர்த்திருக்கிறேனே அதை.

அரைஞாண் இன்னும் அந்தக் கவரிலேயே,
பஸ்ஸில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்துப் பெட்டியில் கிடக்கிறது.
இன்று காலை ஒன்பது சும்மா கடந்தது.
சாமுவேல் விசில் ஊதாமல் என்னையே பார்த்தான்.
பத்தும் கடந்தது.
பதினொன்றில் நிறுத்தினேன்.